தோற்றுப்போன சர்வாதிகாரிக்குக் கற்பனையில் மனசாட்சி கொடுக்கலாமா?

கேள்வி: மார்ச் 3

ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று சாகாமல், ஒரு நிலவறையில் உயிரோடு தங்கித் தன் கதையைச் சொல்லி எழுதவைப்பதாகக் கற்பனை செய்யும் படம், 1996இல் வந்த 'தி எம்ப்டி மிரர்'. நார்மன் ராட்வே ஹிட்லராக நடித்திருக்கிறார். பழைய செய்திப்படங்கள் திரையில் ஓடுகின்றன. பிரச்சார அமைச்சன் கோயபல்ஸ் வருகிறான், காதலி ஏவா பிரவுன் வருகிறாள், சிக்மண்ட் ஃபிராய்டுகூட வருகிறார். இப்படிப்பட்டவனுடைய மனத்துக்குள் நம்மை அழைத்துப்போய் உட்காரவைப்பது அவனுக்குச் செய்யும் உபகாரம் ஆகிவிடாதா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 3, இரவு

உபகாரம்தான் என்று நான் நினைக்கிறேன். தோல்வி ஒரு மனிதரைத் தன்னைத் தானே பார்க்கவைக்கும் என்பது நாடகம் எழுதுகிறவர்களின் நம்பிக்கை. ஹிட்லர் விஷயத்தில் அந்த நம்பிக்கைக்கு எதிரான சான்று எழுத்திலேயே கிடைக்கிறது. 1945 ஏப்ரல் 29 விடியற்காலையில், பெர்லினில் சோவியத் செஞ்சேனை சில தெருக்கள் தொலைவில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அவர் தம் அரசியல் மரண சாசனத்தைச் சொல்லி எழுதவைத்தார். 1939இல் தாம் போரை விரும்பவில்லை என்கிறார். பழி முழுவதையும் யூதர்கள் மேல் சுமத்துகிறார். இனச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டு முடிக்கிறார். மறுநாள் சாகப்போகிறவர் சொன்ன அந்த வாசகத்தில் 'நான் தவறு செய்தேன்' என்று ஒரு வரி கிடையாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு படம் தன்விசாரணையை உண்டாக்கிக் கொடுத்தால், அவரிடம் இல்லவே இல்லாத ஓர் ஆழத்தை அவருக்குத் தானமாகக் கொடுத்ததாகிவிடும்.

மார்ச் 5

இதைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு என்ன அனுபவம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் திரைப்பட ஆய்வாளர் அல்ல. முப்பத்தொரு ஆண்டுகள் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிலவறையில் ஒருவர் நடந்துகொண்டே பேச, ஒரு பெண் உட்கார்ந்து எழுதுகிறாள் என்றால், மற்றவர்கள் பேசுகிறவரைப் பார்ப்பார்கள். என் கண் எழுதுகிறவளின் கைக்குப் போய்விடும்.

பிட்மன் சுருக்கெழுத்து முறையில் அடிக்கடி வரும் தொடர்களைத் தனித்தனிச் சொற்களாக எழுதமாட்டோம். பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் இழுத்துவிடுவோம். ஒருவரிடம் ஆறு மாதம் டிக்டேஷன் எடுத்தால் போதும், அவருக்கென்றே சில கோடுகள் கையில் படிந்துவிடும். அவர் வாக்கியத்தைத் தொடங்கும்போதே கை முடிவுக்குப் போய்க் காத்திருக்கும். என் மேலதிகாரி ஒருவர், அவர் பெயரும் இடமும் வேண்டாம், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட அன்று மாலை என்னை அழைத்து ஒரு விளக்கக் கடிதம் எழுதவைத்தார். எத்தனையோ ஆண்டுகளாக நான் பார்த்த மனிதர்; இன்றைக்காவது வேறு குரலில் ஏதாவது சொல்வார் என்று எண்ணினேன். இரண்டு பக்கம் எழுதி முடிக்கும்வரை எனக்குப் புதிதாக ஒரு கோடு தேவைப்படவில்லை. எல்லாம் மற்றவர்கள் செய்தவை, அவருக்குத் தெரியாமல் நடந்தவை. அந்த மனிதரை ஹிட்லரோடு ஒப்பிடுவது எனக்கே கூசுகிறது. அதைச் செய்யவும் இல்லை. பதவி போன அன்று மனிதர் மாறிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு எழுதுகிறவளுக்குத்தான் இருக்கிறது, சொல்கிறவருக்கு இருப்பதில்லை என்பதை அன்று என் கை கண்டுகொண்டது. அதை மட்டும் சொல்ல வந்தேன்.

மார்ச் 6

'தி எம்ப்டி மிரர்' பற்றி ஒரு திருத்தம். நான் எழுதியதைப் பார்த்தால், அந்தப் படம் ஹிட்லரைக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கவைப்பதுபோல் தோன்றுகிறது. அப்படியில்லை. அதை நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நினைவில் நிற்பது, அவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதும், தம் பிம்பத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதும்தான். ஆகவே இனி அந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டிராமல், தோற்ற சர்வாதிகாரியின் மனத்துக்குள் போக முயலும் படங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கலையே பேசுகிறேன்.

மார்ச் 8

பிம்பம் என்று எழுதியதும் சில செய்திகள் நினைவுக்கு வந்தன. 1920களில் ஹிட்லர் மேடைப் பேச்சுக்கான கையசைவுகளையும் முகபாவங்களையும் பழகி, அவற்றை ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற தம் புகைப்படக்காரரைக்கொண்டு படமெடுக்கச் செய்தார். எந்த அசைவு எடுபடுகிறது என்று பார்த்துக்கொண்ட பிறகு, அவற்றை அழித்துவிடச் சொன்னார். ஹாஃப்மன் அழிக்கவில்லை, அதனால்தான் இன்று நாம் பார்க்கிறோம். இன்னொன்று தட்டச்சுப்பொறி. அவருக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி அணிந்த முகத்தை மக்கள் பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. ஆகவே அவர் பேச்சுகளை அடிப்பதற்கென்றே மிகப் பெரிய எழுத்துகளைக் கொண்ட பொறிகளை அவருடைய செயலாளர்கள் வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் எத்தனை வரிதான் அடங்கியிருக்கும், எத்தனை முறை தாள் மாற்றியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

கடைசி நாட்களில் இடது கை நடுங்கியது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். ஏப்ரல் 20 அன்று, தம் கடைசிப் பிறந்தநாளில், அலுவலகத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் சிறுவர்களின் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கும் செய்திப்படத்தில் அதைக் காணலாம். இவரைப் பற்றிய கற்பனைப் படத்தில் செய்திப்படங்களைச் சுவரில் ஓடவிடுவது எனக்குச் சரியான தேர்வாகவே படுகிறது. அவருடைய மனத்துக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது; அவர் தம் வெளித்தோற்றத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார் என்பது நன்றாகத் தெரியும்.

மார்ச் 9

மேலே எழுதியதில் தேதி பிழை. அந்தச் செய்திப்படம் பிறந்தநாளன்று எடுத்தது என்றுதான் பல இடங்களிலும் போட்டிருக்கிறார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன். அது ஒரு மாதம் முன்னதாக, மார்ச் 20 அன்று எடுக்கப்பட்டது. மார்ச் 22 செய்திச்சுருளில் வெளியிடப்பட்டது. ஏப்ரல் 20 அன்றும் அவர் தோட்டத்தில் சிறுவர்களைச் சந்தித்தார் என்பது உண்மை. நாம் பார்க்கும் காட்சி அது அல்ல. பிறந்தநாள் என்று சொன்னால் சோகம் கூடுகிறது, நாடகத்துக்கு வசதியாக இருக்கிறது. அதனால் பிழை நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆவணத்தைக்கூட நாம் நாடகமாக்கித்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்றால், கற்பனைப் படத்தை மட்டும் நான் பொய்யென்று விரட்டியது சரியா என்ற சந்தேகம் இங்கேதான் எனக்கு முதலில் வந்தது.

மார்ச் 10

கேள்வி கேட்டவர் 'அவன்' என்று எழுதுகிறார், நீங்கள் ஏன் 'அவர்' என்கிறீர்கள் என்று இருவர் கடிந்துகொண்டிருக்கிறார்கள். இதை நான் யோசிக்காமல் எழுதவில்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தப்பிக்கமுடியாத இடம் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வருகிறது. 'சொன்னான்' என்றால் ஒரு மனிதன், 'சொன்னார்' என்றால் வேறொரு மனிதர். 'அவன்' என்று எழுதும்போது அவன் புராணத்து அரக்கனாகி நம்மைவிட்டு எட்டத்தில் போய் நிற்கிறான். அவனைச் சேர்ந்தவர்கள் யாரும் நம்மிடையே இல்லை என்ற நிம்மதி கிடைக்கிறது. 'அவர்' என்று எழுதும்போது, கோப்புகள் வழியாக ஆணையிட்ட, படித்தவர்கள் எழுந்து நின்று வணங்கிய, செயலாளர்கள் பக்கங்களைத் தட்டச்சுச் செய்து கொடுத்த ஓர் அதிகாரி கண்முன் வருகிறார். அந்தக் கொலைகள் அதிகாரத்தின் வழியாக, கையெழுத்தின் வழியாக நடந்தவை. என் வாழ்நாள் முழுவதும் நான் எழுதிக்கொடுத்தவர்களை 'அவர்' என்றுதான் குறிப்பிட்டேன். எழுதிக்கொடுத்த பெண்களின் இடத்திலிருந்து இதைப் பார்க்க விரும்புவதால் அந்த 'அவர்' எனக்கு வேண்டும். அது மரியாதை அல்ல என்பதை ஒருமுறை சொல்லிவிட்டேன், இனி விளக்கமாட்டேன்.

அரக்கன் என்றதும் கம்பனின் இராவணன் நினைவுக்கு வருகிறான். முதல் நாள் போரில் தோற்று வெறுங்கையோடு இலங்கைக்குள் நுழையும்போது, வானம் சிரிக்குமே, மண் சிரிக்குமே, பகைவர் சிரிப்பார்களே என்றெல்லாம் அவன் வெட்கப்படவில்லை. சானகி சிரிப்பாளே என்று கூசிக் குறுகுகிறான். தோற்றவனின் மனத்துக்குள் போவது என்றால் இப்படிப் போக வேண்டும். ஆனால் அங்கே நாணம் இருந்தது, கவிஞன் அதைக் கண்டெடுத்தான். நிலவறையில் இருந்தவரிடம் எவர் சிரிப்புக்கும் நாணிய தடயம் இல்லை. தமக்குத் தகுதியில்லாத மக்கள் அழியட்டும் என்ற மனநிலைதான் இருந்தது. 1945 மார்ச் 19 அன்று ஜெர்மனியின் சொந்தப் பாலங்களையும் ஆலைகளையும் மின்நிலையங்களையும் தகர்க்கச் சொல்லி அவர் ஆணையிட்டார். அவருடைய போர்த்தளவாட அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பீர் அதை நிறைவேற்றாமல் தடுத்தார்.

மார்ச் 12

ஃபிராய்டைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சர்வாதிகாரியின் எதிரில் மனப்பகுப்பாய்வின் தந்தையை உட்காரவைப்பது எழுதுகிறவருக்கு எளிதில் தோன்றும் யோசனை. நாடகத்துக்கு வெளியேயும் அது நடந்தது: 1943இல் வால்டர் லாங்கர் என்ற மனப்பகுப்பாய்வாளர், ஹிட்லரை ஒருமுறைகூடச் சந்திக்காமலே, அமெரிக்க உளவுத்துறைக்காக அவருடைய மனத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தோல்வி வந்தால் தற்கொலை செய்துகொள்வதற்கே வாய்ப்பு அதிகம் என்று அதில் கணித்திருந்தார்.

எனக்கு அந்தக் காட்சியில் இருக்கும் உறுத்தல் வேறு. 1933 மே மாதம் பெர்லினில் எரித்த புத்தகங்களில் ஃபிராய்டுடையவையும் உண்டு. 1938 ஜூனில் அவர் வியன்னாவைவிட்டு லண்டனுக்குப் போனார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அங்கே இறந்தார். அவருடைய தங்கைகள் நால்வர் வியன்னாவிலேயே இருந்துவிட்டார்கள்: ரோசா, மரீ, அடால்ஃபின், பௌலின். எல்லாரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். 1942இல் அவர்களைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். நால்வரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை.

ஃபிராய்டு ஹிட்லரைக் கேள்வி கேட்கும் கற்பனையைச் செய்யத் துணிகிறவர், அந்த நான்கு மூதாட்டிகளில் ஒருவரை அந்த அறைக்குள் நடந்துவர விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர் கேள்வி எதுவும் கேட்க வேண்டியதில்லை. அங்கே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். சர்வாதிகாரியின் குழந்தைப்பருவம், தந்தை, தாய் என்று போகும் பேச்சு அதன் பிறகு எப்படித் தொடரும்?

மார்ச் 12, பின்னர்

'பேச்சு எப்படித் தொடரும்' என்றேன். அவர் தொடர்ந்திருப்பார். அதுதான் பயங்கரம்.

மார்ச் 15

கற்பனைப் படத்தைவிட, நடந்ததை நடந்தபடி காட்டும் படம் நேர்மையானது என்று ஒருவர் எழுதி, ஹிட்லரின் கடைசி நாட்களைப் பற்றி 2004இல் வந்த 'டவுன்ஃபால்' படத்தைச் சுட்டியிருக்கிறார். மார்ச் 3 அன்று கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை.

அந்தப் படத்தில் ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸ் மேடைக் குரலை மட்டும் நம்பாமல், ஓர் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகினார். 1942 ஜூன் 4 அன்று ஃபின்லாந்தின் தலைமைத் தளபதி மானர்ஹைமுடைய 75ஆவது பிறந்தநாளுக்கு ஹிட்லர் போயிருந்தபோது, ஒரு ஃபின்லாந்து ஒலிப்பதிவாளர் அவர்களின் தனிப்பேச்சை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்துவிட்டார். ஏறக்குறைய பதினொரு நிமிடம். நானும் அதைக் கேட்டிருக்கிறேன். மொழி புரியாவிட்டாலும் கேளுங்கள். கத்தல் இல்லை, முழக்கம் இல்லை. தாழ்ந்த, சற்றே கனத்த குரலில், சோவியத்திடம் 35,000 டாங்கிகள் இருக்குமென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன் என்று ஒருவர் அலுத்துக்கொள்கிறார். என் வேலைக்காலத்தில் எத்தனையோ அறைகளில் கேட்ட குரல்போல் இருந்தது. பதிவு முடியுமுன் நிறுத்திவிட்டேன்.

கான்ஸின் நடிப்பு மிகத் துல்லியமானது. அந்தத் துல்லியமே எனக்குச் சிக்கல். முதுகுக்குப் பின்னால் நடுங்கும் கையை அருகில் பார்க்கும்போது, ஒரு கிழவரின் நோய்க்கு இரங்கும் வழக்கமான இரக்கம் என்னைக் கேட்காமலே எழுந்தது. நடந்ததை நடந்தபடி காட்டும் படம் 'இதுதான் அவர்' என்கிறது; நாம் நம்புகிறோம், நம்பியதால் இரங்குகிறோம். சாகாத ஹிட்லரைக் காட்டும் படமோ முதல் காட்சியிலேயே 'இது நடக்கவில்லை' என்று ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலுக்குப் பிறகு அவர் பேசும் எதையும் நாம் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் குறிப்பில் நான் கற்பனையைப் பொய் என்று தள்ளியது அவசரம். அதை இங்கே திரும்பப் பெறுகிறேன். அவருக்கு ஆழத்தைத் தானம் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் விடவில்லை.

மார்ச் 16

அப்படியானால் ஆழமில்லாத மனத்தை எப்படித்தான் காட்டுவது என்று கேட்கிறார்கள். ஒரு காட்சி சொல்கிறேன், இது கற்பனை அல்ல. 1945 பிப்ரவரி 9 அன்று கட்டடக்கலைஞர் ஹெர்மன் கீஸ்லர், ஹிட்லர் இளமையில் வாழ்ந்த லின்ஸ் நகரத்தை எப்படித் திரும்பக் கட்டப்போகிறார்கள் என்பதற்கான பெரிய மாதிரியைப் பெர்லினில் அரசு அலுவலகத்தின் அடித்தளத்தில் வைத்தார். ஹிட்லர் அதன் முன்னால் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பார், வந்தவர்களை அழைத்துப்போய்க் காட்டுவார். புகைப்படம் இருக்கிறது: தொப்பியோடு ஒருவர், வெள்ளை வெளேரென்ற சிறிய கட்டடங்களை முன்சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்கு நாள் கழித்து டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. மாதிரி நகரத்தில் பாலம் இருந்தது, கோபுரம் இருந்தது, மனிதர்கள் இல்லை. அந்த அறையில் விளக்கை அணைத்துப் போடும் சத்தத்தை மட்டும் வைத்துப் பத்து நிமிடம் படமெடுக்கலாம்.

மார்ச் 18

என் தொழிலோடு தொடர்புள்ள இன்னொரு செய்தி. 1942 செப்டம்பரில் தளபதிகளோடு சச்சரவு முற்றியபோது, போர்நிலைக் கூட்டங்களில் பேசுவதையெல்லாம் சொல்லுக்குச் சொல் எழுத, நாடாளுமன்றச் சுருக்கெழுத்தாளர்களை ஹிட்லர் வரவழைத்தார். நான் சொன்னது ஒன்று, நீங்கள் செய்தது ஒன்று என்று பின்னாளில் காட்டுவதற்காக. ஒரு லட்சம் பக்கங்களுக்குமேல் சேர்ந்தன. 1945 மே மாதம் அவற்றில் பெரும்பகுதியை எரித்துவிட்டார்கள். ஒரு சிறு பகுதிதான் தீயிலிருந்து மீண்டது. இவ்வளவு பேசியவர், இவ்வளவும் எழுதப்பட வேண்டும் என்று விரும்பியவர். தனிமையில் உட்கார்ந்து யோசிப்பவராக அவரைக் காட்டுவது ஏன் எனக்கு ஒட்டவில்லை என்பது இதைப் படித்தபோது புரிந்தது. எதிரில் ஒரு நோட்டுப்புத்தகம் இல்லாமல் அவர் இல்லை.

மார்ச் 21

ஹிட்லர் சொல்லச் சொல்லக் கடைசி சாசனத்தை எழுதியவர் அவருடைய செயலாளர் டிரவுடல் யுங்கே. அப்போது யுங்கேவுக்கு வயது 25. 1942 இறுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது 22. நான் முதல் நாள் நோட்டுப்புத்தகத்தோடு ஓர் அறைக்குள் நுழைந்த வயதும் அதுதான். அந்த இரவைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: இத்தனை அழிவும் எதற்காக என்பதை இதோ இப்போது சொல்லப்போகிறார், அதை முதலில் அறியப்போகிறவள் நான்தான் என்ற படபடப்போடு பென்சிலை எடுத்திருக்கிறார். கேட்டதெல்லாம் பழைய முழக்கங்கள்.

இதைப் படித்த அன்றே முடிவு செய்து, நேற்று ஒன்று செய்து பார்த்தேன். சாசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை என் மகளிடம் கொடுத்து, நிதானமாக வாசிக்கச் சொல்லி, நான் சுருக்கெழுத்தில் எழுதினேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாயின. வேகம் போயிருக்கும் என்று பயந்தேன். முதல் பத்தி முடிவதற்குள் கை பழகிவிட்டது, இரண்டாம் பத்தியில் என் பேனா அவளை முந்திக்கொண்டு போய் நின்றது. பெயர்கள் வந்த இடத்தில்தான் திணறினேன். பெயரை உச்சரிப்புப்படி முழுதாக எழுத வேண்டும், குறுக்குவழி கிடையாது. தம் நெருங்கிய கூட்டாளிகளாயிருந்த கோரிங்கையும் ஹிம்லரையும் ஹிட்லர் கட்சியிலிருந்து நீக்குகிறார். டோனிட்ஸ் அதிபர், கோயபல்ஸ் தலைமை அமைச்சர், போர்மன் கட்சி அமைச்சர் என்று வரிசையாகப் பதவி கொடுக்கிறார். சில தெருக்கள் மட்டும் மிஞ்சியிருந்த ஓர் அரசாங்கத்துக்கு.

எழுதி முடித்ததும், வழக்கப்படி, எழுதியதைத் திரும்ப வாசித்தேன். முதல் பகுதியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். இந்தப் போருக்கு உண்மையான குற்றவாளி தன் குற்றத்துக்குப் பிராயச்சித்தம் செய்தாக வேண்டும், 'இன்னும் மனிதத்தன்மையுள்ள வழிகளிலாவது' என்று இருக்கிறது. விஷவாயு அறைகளைத்தான் அப்படிச் சொல்கிறார். லட்சக்கணக்கில் கொன்றதை அவர் ஒப்புக்கொண்ட இடம் என்று எதையாவது காட்ட வேண்டுமானால் அதைத்தான் காட்டலாம். எழுதும்போது என் கை அங்கே தயங்கவில்லை. மென்மையான சொற்கள், வளைவு எளிதாக விழுந்தது, கோடு பிசிறில்லாமல் இருக்கிறது.

நோட்டுப்புத்தகத்தை மகளிடம் காட்டி அந்தக் கோட்டைத் தொட்டுச் சொன்னேன். அவள் தாளை வாங்கி அந்த வரியைத் தேடி இன்னொரு முறை வாசித்தாள். "நான்தானே அம்மா வாசித்தேன்," என்றாள். "எனக்கும் காதில் விழவில்லையே."